சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை

"வண்டி இருமுதுங்க, அம்மணி."

"எப்பங்க இருமுது?"

"ஆக்சிலேட்டரை மிதிச்சா இருமுதுங்க."

"மிதிக்காட்டி?"

"இருமறதில்லீங்க."

"அப்ப மிதிக்காதீங்க."

சொல்லிட்டு கமலவேணி டீ குடிக்கப் போயிருச்சு.

கெங்குசாமி என்னைப் பாத்தாரு. நான் பாட்டுக்கு என்ற லேத்தைப் பாத்தேன். எனக்கெதுக்கு வம்பு?

*

என்ற லேத்துப் பட்டறை ஆவாரம்பாளையத்துல இருக்குது. கமலவேணி ஒர்க்‌ஷாப்பு ஒட்டுனாப்புல. நடுவுல செவுரு பாதிதான். மீதியைக் கட்டறேன் கட்டறேன்னு பதினோரு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். கட்டாததும் நல்லதாப் போச்சு. கட்டியிருந்தா இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல முடியுமா?

கமலவேணிக்கு நாப்பது வயசு. பழைய கார்களோட கார்ப்பரேட்டர் மட்டும்தான் பாக்கும். வேற வேலை கொண்டாந்தா, "அடுத்த வீதிக்குப் போங்க"ன்னு அனுப்பிரும். பேச்சு ரொம்பக் கம்மி. இன்ஜின் பக்கத்துல காதை வெச்சு நின்னுச்சுன்னா வாங்கி வெச்ச டீ ஆறிப் போகும்.

கெங்குசாமிக்கு அறுபத்தெட்டு. மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவரு. ஒரு நூல் அறுந்தா நாலு பேரைத் திட்டுனவரு. ஒரு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து, அங்கிருக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு.

"நான் அம்மணியோட சீடனுங்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு.

"யாருங்க சேத்துக்கிட்டது?"ன்னு அம்மணி கேக்கும்.

அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

அந்த ஒரு வருஷத்துல ஒரு நாளும் சொந்த வண்டியைக் கொண்டாந்ததில்ல. டவுன் பஸ்லதான் வருவாரு. அன்னிக்குத்தான் மொத தடவையா கொண்டாந்து நிறுத்துனாரு.

வண்டின்னா வண்டி! அறுபத்தி மூணாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரு. ரெண்டே ரெண்டு சீட்டு. மேல கூரை கெடையாது. பாட்டில் பச்சை. ஒரு காலத்துல மில்லு முதலாளி வீட்டுக் கொட்டகையில கோழி முட்டை போட்டுட்டிருந்த வண்டி அது. அதை எடுத்தாந்து, ஒவ்வொரு நட்டா கழட்டி, ஒவ்வொரு நட்டா மாட்டி, மணப்பொண்ணு மாதிரி ஆக்கி வெச்சிருந்தாரு. பொறாமையாத்தான் இருந்துச்சு எனக்கு.

*

டீ குடிச்சுட்டு அம்மணி திரும்பி வந்துச்சு.

"இருமுதுன்னு யாருங்க கண்டுபிடிச்சது?"

"வீட்டுக்காரி, இந்திராணிதானுங்க. நான் கேட்டைத் தாண்டறப்ப சமையக்கட்டுல இருந்தே கேட்டிருக்குது."

"உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேட்டுதுங்க. நான் ஒத்துக்கலீங்க."

"இப்ப மட்டும் எதுக்கு ஒத்துக்கறீங்க?"

கெங்குசாமி ஸ்டூல்ல உக்காந்தாரு.

"ஞாயித்துக்கெழம குன்னூர் ஓட்டமுங்க, அம்மணி. பழைய கார்காரங்க எல்லாம் சேந்து வருஷா வருஷம் போறது. இருபத்திரண்டு வருஷம் இந்திராணிதான் என்ற பக்கத்து சீட்டுல உக்காந்து வந்துச்சு. இப்ப மூணு வருஷமா வண்டியில ஏற மாட்டேங்குது. நேத்து மறுபடியும் கேட்டனுங்க. 'அந்த இருமல் நிக்கட்டும், ஏறுறேன்'னு சொல்லுச்சு."

ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

"ஏறுறேங்கற வார்த்தை மூணு வருஷம் கழிச்சு இப்பத்தானுங்க வந்திருக்குது. எப்பிடியாவது சரி பண்ணிக் குடுத்துருங்க. வண்டி போனாப் போகுதுங்க. இந்திராணி ஏறணும்."

கேட்டுட்டிருந்த எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

"அவங்க ஏன் ஏற மாட்டேங்கறாங்க?"

"தெரியலீங்க. மூணு வருஷம் முன்னால அந்த ஓட்டத்துல, மலைப்பாதையில பர்லியாறுகிட்ட எறங்கிப் போயிருச்சுங்க."

"எறங்கிப் போயிட்டாங்களா?"

"ஆமாங்க."

அம்மணி அதுக்கு மேல கேக்கல. பானெட்டைத் தூக்குச்சு.

*

அந்த ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிருறேன். இல்லாட்டி உங்களுக்குப் புரியாது.

அது மொதல்ல வர்றவன் ஜெயிக்கிற பந்தயம் கெடையாது. வழியில அஞ்சாறு எடத்துல ஆளு உக்காந்திருப்பாங்க. இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு இந்த எடத்துல இருக்கோணும்னு கணக்கு. ஒரு நிமிஷம் லேட்டா போனா ஒரு மார்க் கொறையும். ஒரு நிமிஷம் முன்னாடி போனா ரெண்டு மார்க் கொறையும்.

அதனால இடது சீட்டுல ஒரு ஆளு கடியாரத்தோட உக்காந்து, "இப்ப போங்க, இப்ப மெதுவா"ன்னு சொல்லிட்டே வரோணும். இந்திராணியம்மா சொல்றது ஒரே வார்த்தைதானாம். "சித்தெ இருங்க." கொஞ்சம் பொறுங்கறதை நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம்.

அந்தம்மா இல்லாத ரெண்டு ஓட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உக்கார வெச்சுட்டுப் போயிருக்காரு. அந்தாளு பாவம், கல்லாறு தாண்டினதுல இருந்து கண்ணை மூடிக்கிட்டே வந்தாராம். கெங்குசாமி ரெண்டு தடவையும் எல்லா எடத்துக்கும் எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேந்தாரு.

ரெண்டு தடவையும் கடைசி.

*

அந்த வண்டிக்கு ரெண்டு கார்ப்பரேட்டர். ஒவ்வொண்ணுக்கும் உச்சியில ஒரு கறுப்பு மூடி. அம்மணி மொத மூடியைக் கழட்டறதுக்கு ரொம்பப் பாடுபட்டுச்சு. மரை இறுகிக் கெடந்துச்சு. எண்ணெய் விட்டு, தட்டி, கொஞ்சிக் கெஞ்சித்தான் வந்துச்சு. மூடிக்கு அடியில விரல் நீளத்துக்கு ஒரு கம்பி தொங்குச்சு. கம்பி முனையில சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பித்தளை. டேம்பர்னு பேரு.

ரெண்டாவது மூடி சுலபமா வந்துருச்சு.

அதுல கம்பியும் இல்ல, பித்தளையும் இல்ல.

"இதுல இருந்த டேம்பர் எங்கீங்க?"

"காணோமுங்க."

"எப்ப இருந்து?"

"தெரியலீங்க. எங்கியோ காணாமப் போச்சுங்க."

அம்மணி ரெண்டு மூடியையும் அவரு கையில குடுத்துச்சு. செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் எட்டிப் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்ற வாய் எங்க இருக்கும்?

"அம்மணி, இது காணாமப் போனதில்ல. ஆக்சா பிளேடு போட்டு அறுத்திருக்குது. பல்லு வரி தெரியுது பாருங்க."



"அய்யாவு அண்ணா, உங்க லேத்து சும்மா ஓடிட்டிருக்குதுங்க"ன்னு அம்மணி சொல்லுச்சு.

நான் போயி அணைச்சுட்டு வந்தேன்.

கெங்குசாமி அந்த ரெண்டு மூடியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தாரு.

"நான்தானுங்க அறுத்தேன்."

"எப்பங்க?"

"பர்லியாறு முடிஞ்சு மறுநா காலைலீங்க."

"இன்னொண்ணை ஏன் விட்டீங்க?"

"மூடி வரலீங்க. மரை இறுகிப் போச்சு."

நான் சிரிச்சுட்டேன். அம்மணி திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

"அந்தத் துண்டு?"

"அன்னிக்கே தூக்கிப் போட்டனுங்க."

"இது என்ன வேலை செய்யுதுன்னு நெனைச்சு அறுத்தீங்க?"

"ஒரு வேலையும் செய்யலீங்க. மிதிச்சா உள்ள இருக்கிற பிஸ்டன் மேல போகுது. இது புடிச்சுக் கீழ இழுக்குது. போற வண்டியை எதுக்குப் புடிச்சு இழுக்கோணும்? அதான் எடுத்துட்டேன்."

"எடுத்த பொறவு வண்டி எப்பிடிங்க?"

"ஒரு நாள் பறந்துச்சுங்க."

"அடுத்த நாளு?"

"இருமுச்சுங்க."

அம்மணி பானெட்டை மூடுச்சு. ஒரு துணியை எடுத்துக் கையைத் தொடைச்சுச்சு.

"வீட்டுல எப்பிடிங்க?"

இதைக் கேக்கும்னு நானே எதிர்பாக்கல.

"வீட்டுல ஒரு சண்டை இல்லீங்க. சோறு போடும். கேட்டா பதில் சொல்லும். சிரிக்கக் கூடச் சிரிக்கும். சித்தெ இருங்கன்னு மட்டும் சொல்றதில்லீங்க. போன மாசம் அடுப்பு எரிஞ்சுட்டிருக்கறப்ப நான் பாட்டுக்கு வீட்டைப் பூட்டுனேன். அப்பவும் ஒரு சொல்லு சொல்லல. பூட்டைத் தொறந்து, உள்ள போயி, அணைச்சுட்டு வந்து நின்னுச்சு. அவ்வளவுதான்."

"பர்லியாறுல அவங்க எறங்கிப் போனாங்களா?"

அவரு கையில இருந்த ரெண்டு மூடியையும் கீழ வெச்சாரு.

"எறக்கி விட்டனுங்க. மூணாவது தடவையா சித்தெ இருங்கன்னு சொல்லுச்சு. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அப்பிடியொரு கோவம். 'உன்ற வாய் இல்லாட்டி வண்டி இன்னும் வேகமாப் போகும், எறங்கு'ன்னுட்டேன். எறங்கிருச்சு. நான் போயிட்டனுங்க. பலாப்பழக் கடைகிட்ட நின்னு பஸ் புடிச்சு வீடு வந்து சேந்திருக்குது."

அட பாவி மனுசா, அந்த மலையில தனியா விட்டுட்டா போனீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அவரு மூஞ்சியைப் பாத்ததும் கேக்கத் தோணல.

*

"புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, அம்மணி. கும்பிட்டுக் கேக்கறேன்."

"புதுசு சீமையில இருந்து வரோணுமுங்க. ஒண்ணரை மாசம் ஆகும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள?"

"நீங்களே செய்ங்க."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அம்மணி மேசை டிராயர்ல ஒரு பிஸ்கட் டப்பா இருக்குது. அதுல இதே டேம்பர் நாலு கெடக்குது. நானே பாத்திருக்கேன்.

"அம்மணி, அந்த டப்பாவுல..."

"அய்யாவு அண்ணா, உங்க லேத்தை ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா?"

அந்தப் பார்வைக்கு முன்னால யாரு இல்லைன்னு சொல்றது?

*

அறுந்த மூடிக்குக் கம்பியை நான் வெல்டிங்ல பத்த வெச்சுக் குடுத்தேன். பித்தளையை மட்டும் அவரே கடையோணும்னு அம்மணி உத்தரவு.

மில்லுல ஆயிரம் பேரை மேய்ச்ச மனுசன். லேத்துல நின்னா உளி சொன்ன பேச்சுக் கேக்கல. பித்தளைத் தூளு சட்டைப் பையெல்லாம். மூணு தடவை விரலைக் கிழிச்சுக்கிட்டாரு. நாலு மணி வாக்குல ஒண்ணைக் கொண்டு போயி நீட்டுனாரு.

அம்மணி வாங்கி மாட்டுச்சு. "மிதிங்க."

மிதிச்சாரு. இருமல் இல்ல. ஆனா வண்டி எந்திரிக்கவே இல்ல. முக்குது, மொனகுது. பின்னால கறுப்புப் புகை. பெட்ரோல் நாத்தம் என்ற பட்டறை வரைக்கும் வந்துச்சு.

"எத்தனை இறுக்கமா கடைஞ்சீங்க?"

"துளி சந்து விடலீங்க. தடுக்கறதுதானுங்களே இதோட வேலை? நல்லாத் தடுக்கட்டும்னு."

"கழுத்தைப் புடிச்சுட்டீங்க. மூச்சு விடோணுமில்லீங்களா?"

மறுநாள், வெள்ளிக்கெழம காலைல ரெண்டாவது கடைஞ்சாரு.

"மிதிங்க."

லொக், லொக்.

"ரொம்ப விட்டுட்டீங்க."

"அப்ப எவ்வளவுதானுங்க விடறது? ஒரு அளவு சொல்லுங்க, அம்மணி. மைக்ரோமீட்டர் வெச்சுக் கடைஞ்சர்றேன்."

"அளவு உங்ககிட்ட இருக்குதுங்க."

"எங்கிட்டயா?"

அம்மணி அவரைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாத கொறையா, அறுபடாத டேம்பர் இருக்கிற கார்ப்பரேட்டர்கிட்ட நிறுத்துச்சு.

"விரலை உள்ள விடுங்க. பிஸ்டனை வேகமாத் தூக்குங்க."

"வர மாட்டேங்குதுங்க. கனக்குது."

"மெதுவாத் தூக்குங்க."

"வருதுங்க."

"இப்ப விடுங்க."

டக்குனு கீழ எறங்குச்சு.

"இன்னொருக்கா."

வேகமாத் தூக்குனாரு, கனத்துச்சு. மெதுவாத் தூக்குனாரு, வந்துச்சு. விட்டாரு, டக்குனு எறங்குச்சு. மறுபடியும். மறுபடியும். நான் ஒரு டீ குடிச்சு, ஒரு புஷ் கடைஞ்சு முடிச்சேன். இன்னும் அங்கியே விரலை விட்டுட்டு நிக்கறாரு.

"கீழ எறங்கறப்பப் புடிக்கறதே இல்லீங்க, அம்மணி."

"ம்."

"மேல போறப்ப, அதுவும் அவசரப்பட்டா மட்டும்தானுங்க புடிக்குது."

"ம்."

பொறவு, யாருகிட்டயோ பேசற மாதிரி சொன்னாரு. "மில்லு மூடுனப்ப நான் ஒரு வருஷம் வீட்டுலயே படுத்துக் கெடந்தனுங்க. சவரம் கூடப் பண்ணல. இந்திராணி ஒரு வார்த்தை சொல்லல. ஒரே ஒரு வார்த்தை கூட..."

கண்ணு ரெண்டும் செவந்து போச்சு.

"விரலை எடுங்க"ன்னு அம்மணி சொல்லுச்சு. "கரி ஒட்டிக்கும்."

*

வெள்ளிக்கெழம மத்தியானம் லேத்துல நின்னவரு வேற ஆளு. துளித்துளியா எடுத்தாரு. உப்புத்தாள்ல தேய்ப்பாரு, போயி அந்த நல்ல டேம்பரை விரல்ல தொட்டுப் பாப்பாரு, வந்து மறுபடியும் தேய்ப்பாரு. நேரமாச்சுங்க, பட்டறையைச் சாத்தோணும்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு.

"இருங்க அய்யாவு, அவசரம் என்ன?"ன்னாரு.

கெங்குசாமி வாயில அந்த வார்த்தை! நான் லேத்தைப் புடிச்சுக்கிட்டேன்.

சனிக்கெழம காலைல முடிஞ்சுது. அம்மணி வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துச்சு. டிராயரைத் தொறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துச்சு. எடுக்கறப்ப அந்த பிஸ்கட் டப்பா மூடி நழுவிருச்சு.

நாலு டேம்பரும் பளிச்சுனு தெரியுது.

கெங்குசாமி பாத்துட்டாரு.

சத்தியமாச் சொல்றேன், நான் ரெண்டடி பின்னால போயிட்டேன். ரெண்டு நாள், கிழிஞ்ச விரலு, தூளு படிஞ்ச சட்டை. பழைய ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தா அந்த மேசையே அந்தரத்துல பறந்திருக்கும்.

அவரு டப்பாவைப் பாத்தாரு. அம்மணியைப் பாத்தாரு. குனிஞ்சு அந்த மூடியை எடுத்து டப்பாவை மூடுனாரு.

"மூடி லூசா இருக்குதுங்க, அம்மணி. தூசி போயிரும்."

அம்மணி தலையாட்டுச்சு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அவரு கடைஞ்ச பித்தளையை எறக்கி, மூடியைத் திருகுச்சு.

"மிதிங்க."

மிதிச்சாரு.

அந்தச் சத்தத்தை எப்பிடிச் சொல்றது? இருமலும் இல்ல, மொனகலும் இல்ல. வீணைக் கம்பியை ஒரே இழுப்பா இழுத்த மாதிரி ஏறுச்சு. எதித்த கடைக்காரரு வெளிய வந்து எட்டிப் பாத்தாரு.

கெங்குசாமி சாவிக்குக் கைய நீட்டுனாரு.

அம்மணி சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிச்சு.

"இருமுதுன்னு கண்டுபிடிச்சவங்கதான் நின்னு போச்சுன்னும் சொல்லோணுமுங்க. கூட்டிட்டு வாங்க."

"அம்மணி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயி காட்டிர்றனே?"

"கூட்டிட்டு வாங்க."

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

"வண்டிக்கு என்ன ஆச்சோ அதைச் சொல்லுங்க."

"அறுத்ததையுமா?"

அம்மணி அடுத்த வண்டியோட பானெட்டைத் தூக்கிருச்சு.

கெங்குசாமி கொஞ்ச நேரம் நின்னாரு. அந்த ஓட்டத்துல எத்தனையோ கொண்டை ஊசி வளைவைத் திருப்புனவரு. அன்னிக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்கு அவரு கால் வரல. பாத்துட்டே இருந்தேன். பாவமாத்தான் இருந்துச்சு.

*

ஞாயித்துக்கெழம நான் பட்டறை தொறக்கறதில்ல. அன்னிக்குத் தொறந்தேன். எதுக்குன்னு கேக்காதீங்க.

ஒன்பது மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுல ஓட்டம் கெளம்புது. எட்டு ஆச்சு. ஆளைக் காணோம். எட்டேகால் ஆச்சு. நான் வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறேன்.

"வருவாங்களா, அம்மணி?"

"தெரியலீங்க."

"அறுத்ததைச் சொல்லியிருப்பாரா?"

"தெரியலீங்க."

"உங்களுக்கு ஒரு துளி கூடப் பதட்டமே இல்லியா?"

அம்மணி பிளக்கைத் தேய்ச்சுட்டிருந்துச்சு. அப்பத்தான் கவனிச்சேன். அரை மணி நேரமா ஒரே பிளக்கைத்தான் தேய்ச்சுட்டிருக்குது.

எட்டு இருபத்தஞ்சுக்கு டவுன் பஸ் வந்து நின்னுச்சு.

ரெண்டு பேரு எறங்குனாங்க.

இந்திராணியம்மா ஒல்லியான மனுஷி. அரக்குச் சேலை. கழுத்துல கறுப்புக் கயித்துல ஒரு கடியாரம் தொங்குது. கெங்குசாமி ரெண்டடி பின்னால வர்றாரு. ராத்திரி தூங்குன மூஞ்சி இல்ல அது.

அந்தம்மா நேரா அம்மணிகிட்ட வந்தாங்க.

"எல்லாஞ் சொன்னாருங்க. எது அது?"

அம்மணி மூடியைக் கழட்டிக் கையில குடுத்துச்சு. அந்தம்மா அந்தப் பித்தளையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"இத்துனூண்டா?"

"அவ்வளவுதானுங்க."

"இதை அவரா கடைஞ்சாரு?"

"அவருதானுங்க. மூணாவது தடவையில."

அந்தம்மா கெங்குசாமி பக்கம் திரும்புனாங்க. "பழசு எங்கீங்க?"

தூக்கிப் போட்டாச்சுன்னு அவரு எங்ககிட்டச் சொன்னதைத்தான் சொல்லப் போறாருன்னு நெனைச்சேன்.

அவரு மணிபர்ஸை எடுத்தாரு. உள்ளறையில இருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பிரிச்சாரு. அறுந்த கம்பி, முனையில பித்தளை. மூணு வருஷம் பர்ஸுல கெடந்து வழவழன்னு ஆகியிருந்துச்சு.

"போடறதுக்கு மனசு வரலம்மா"ன்னாரு.

அட கெரகமே! அதை அன்னிக்கே எடுத்திருந்தா பத்த வெச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கலாமே, எதுக்கு என்ற லேத்தை ரெண்டு நாளு தேய்ச்சீங்கன்னு நான் கேட்டிருக்கோணும். கேக்கல.

அந்தம்மா அந்தத் துண்டை வாங்கி, முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகுனாங்க.

"ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னாங்க.

அம்மணி மூடியை வாங்கித் திரும்பத் திருகிட்டு, சாவியை நீட்டுச்சு. அவரு ஏறி உக்காந்தாரு. மிதிச்சாரு. அந்தம்மா கண்ணை மூடிக் கேட்டாங்க.

"இன்னொருக்கா."

மிதிச்சாரு.

"ம்"ன்னாங்க. அம்மணியைப் பாத்துத் தலையசைச்சாங்க. வண்டியைச் சுத்தி நடந்து போயி, இடது பக்கக் கதவைத் தொறந்து, ஏறி உக்காந்தாங்க.

கெங்குசாமி ஸ்டீரிங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. பக்கத்துல திரும்பிப் பாக்கறதுக்குக் கூட அவருக்குத் தைரியம் வரல போல.

மணி எட்டு நாப்பது. ஒன்பதுக்குள்ள மேட்டுப்பாளையம் ரோட்டுல நிக்கோணும். பறந்து போனாத்தான் முடியும். கியரைப் போட்டாரு. ஹேண்ட் பிரேக்கை எறக்குனாரு. கால் ஆக்சிலேட்டர் மேல போச்சு.

"சித்தெ இருங்க."

இந்திராணியம்மாதான்.

அம்மணி கையில இருந்த துணி அப்பிடியே நின்னுச்சு.

கெங்குசாமி காலை எடுத்தாரு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாரு. சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைச்சாரு.

எதுக்குன்னு கேக்கல. கடியாரத்தைப் பாக்கல. ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. ஒரு நிமிஷம் போச்சு. ரெண்டு நிமிஷம் போச்சு. ரோட்டுல ஒரு லாரி போற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

பொறவு மெதுவாக் கேட்டாரு. "சேலை கதவுல மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்க."

"கடியாரம் ஓடலியா?"

"ஓடுதுங்க."

"அப்பறம் எதுக்கும்மா?"

"சும்மாதானுங்க"ன்னாங்க இந்திராணியம்மா. "நிப்பீங்களான்னு பாத்தேன்."